மெயின் லூப் உறைந்து நிற்கிறது, ஃபோன் அடித்தால் ஓடுகிறது. ஆர்டாஸுக்கு மாறலாமா?

பவானிக்கரை:

வணக்கம். கோவையில் ஒரு சின்ன நிறுவனத்தில் விவசாய மோட்டாருக்கான மொபைல் ஸ்டார்ட்டர் செய்கிறோம், ஃபர்ம்வேர் முழுக்க நான் ஒருவன்தான் பார்க்கிறேன். எஸ்டிஎம்32எஃப்103 சிப், 72 மெகாஹெர்ட்ஸ், 20 கேபி ரேம், யூஆர்ட்டில் (பைட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி வாங்கும் சீரியல் வழி) நொடிக்கு 115200 பிட் வேகத்தில் ஒரு ஜிஎஸ்எம் மோடம். ஆர்டாஸ் (பல வேலைகளை நேரம் பிரித்து ஓட்டும் சின்ன இயங்குதளம்) கிடையாது. சி-யில் எழுதிய ஒரே மெயின் லூப், கூட இரண்டு மூன்று இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்திவிட்டு நடுவில் புகுந்து ஓடும் சின்னக் கோடு), அவ்வளவுதான். விவசாயி அந்த சிம்முக்கு ஃபோன் போட்டால் மோட்டார் ஓடும், ஃபேஸ் போனாலோ தண்ணீர் வற்றிக் கரண்ட் இறங்கினாலோ தானாக நிற்க வேண்டும்.

பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஏதாவது ஒரு பெட்டி உறைந்துவிடுகிறது. திரையில் 412 வோல்ட் என்று இருந்தால் மணிக்கணக்காக 412-லேயே நிற்கும், பட்டனை அழுத்தினாலும் அசையாது. வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் கோடு "உணவு" போடாவிட்டால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர்) போட்டிருக்கிறேன், ஆனாலும் ரீசெட் ஆவதில்லை. இதில் எனக்குப் பிடிபடாத விஷயம், அந்த சிம்முக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அந்த நொடியே எல்லாம் ஓட ஆரம்பித்துவிடுகிறது, எதுவுமே நடக்காத மாதிரி.

போன மாதம் அவிநாசி பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படி உறைந்திருக்கிறது. போரில் தண்ணீர் இறங்கிவிட்டது, ட்ரை ரன் பாதுகாப்பு மெயின் லூப்பில்தான் இருக்கிறது, அது ஓடவே இல்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டார் கருகிவிட்டது. வண்டி வைத்துத் தூக்கி, ரீவைண்டிங் பண்ணி, மறுபடி இறக்கும் வரைக்கும் அவருடைய வாழைக்குத் தண்ணீர் இல்லை. நேரில் போய் அவரைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

எங்கள் சீனியர் ஃப்ரீஆர்டாஸுக்கு மாறிவிடு என்கிறார். நண்பர் ஒருவர் ரஸ்ட் மொழியில் முழுசாகத் திருப்பி எழுது என்கிறார். ஸெஃபிர் என்ற இன்னொரு ஆர்டாஸ் பற்றியும் படித்தேன். எதில் போவது?

கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வாட்ச்டாக்குக்கு உணவு போடுவது ஒரு மில்லி விநாடி டைமர் இன்டரப்டில். எஸ்எம்எஸ் அனுப்பும் கட்டளைக்கு மோடம் 60 விநாடி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று கையேட்டில் இருக்கிறது, இந்தச் சிப்பில் வாட்ச்டாக்கை அதிகபட்சம் 26 விநாடிதான் வைக்க முடியும், அதனால் அங்கே வைத்தேன். டைமருக்குத்தான் எல்லாவற்றையும்விட உயர்ந்த முன்னுரிமை. ஏடிசி (வோல்ட், கரண்டை எண்ணாக மாற்றும் பகுதி) படிப்பதும், 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை மூன்று வோல்ட், மூன்று கரண்ட் ஆறுக்கும் ஆர்எம்எஸ் (ஏறி இறங்கும் ஏசி-யின் பயனுறு அளவு, வர்க்கமூலம் எடுத்துக் காண்பது) கணக்குப் போடுவதும் அதிலேயே நடக்கிறது.

---

ரீசெட்பட்டன்:

எதற்கும் மாறாதீர்கள், இப்போதைக்கு. ஏன் நின்றது என்று தெரியாமல் ஆர்டாஸுக்குப் போனால் அதே பிழையைக் கையோடு கூட்டிக்கொண்டு போவீர்கள், அங்கே தேடுவது இன்னும் கஷ்டம்.

வாட்ச்டாக்கை இன்டரப்டில் வைத்தது பெரிய தவறு, முதலில் அதை எடுங்கள். மெயின் லூப் செத்துக் கிடந்தாலும் டைமர் ஒழுங்காக வந்து சோறு போட்டுவிட்டுப் போகும், வாட்ச்டாக்குக்கு வீட்டில் எழவு விழுந்ததே தெரியாது. நான் செய்வது இப்படி: மோடம், பாதுகாப்பு, திரை என்று ஒவ்வொரு பகுதியும் தன் வேலை முடிந்ததும் ஒரு பிட்டை 1 ஆக்கும், எல்லா பிட்டும் சேர்ந்தால்தான் மெயின் லூப்பின் கடைசியில் உணவு, உடனே பிட்களை அழித்துவிடுவேன். 60 விநாடிக் காத்திருப்பை ஸ்டேட் மெஷினாக, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மட்டும் பார்த்துவிட்டு நகரும் படிகளாகப் பிரித்துவிட்டால் லூப் எங்கேயும் நிற்காது, இரண்டு மூன்று விநாடி வாட்ச்டாக்கே போதும்.

அப்புறம், அந்த 26 விநாடிக் கணக்கையும் நம்பாதீர்கள். வாட்ச்டாக்கின் உள் ஆஸிலேட்டர் 40 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தாலும் எஃப்103-இல் 30 முதல் 60 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 60-இல் ஓடும் சிப்பில் உங்கள் 26 விநாடி பதினேழரை ஆகிவிடும்.

பவர் வந்ததும் ரீசெட் காரணத்தைப் படித்து எங்காவது எழுதி வையுங்கள். ஒரு எச்சரிக்கை, இந்தச் சிப்பில் எந்த ரீசெட் வந்தாலும் பின் ரீசெட் ஃப்ளாக்கும் சேர்ந்தே ஏறும், ஆகவே வாட்ச்டாக், பவர் ஃப்ளாக்குகளை முதலில் பார்த்துவிட்டு அதைக் கடைசியில் பாருங்கள்.

---

தறிச்சத்தம்:

நீங்கள் "பிடிபடாத விஷயம்" என்று சொன்னதுதான் விடையே. ஃபோன் அடித்தால் என்ன நடக்கிறது? மோடம் "ரிங்" என்று சில பைட்டுகளை யூஆர்ட்டில் அனுப்புகிறது. அந்த பைட் வந்ததும் உயிர் வருகிறது என்றால் சிப் மாட்டிக்கொண்டிருப்பது யூஆர்ட் இன்டரப்டுக்குள்.

உங்கள் இன்டரப்ட் கோடு அநேகமாக இப்படி இருக்கும்: ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படி, ஆர்எக்ஸ்என்இ (படிக்க ஒரு பைட் காத்திருக்கிறது என்று காட்டும் பிட்) 1 என்றால் டேட்டா ரிஜிஸ்டரைப் படி, இல்லை என்றால் ஒன்றும் செய்யாமல் வெளியே வா. பார்க்கத் தப்பே தெரியாது. ஆனால் ஆர்எக்ஸ்என்இ-க்கு இன்டரப்டை இயக்கினால் ஓவர்ரன் (முந்தின பைட்டைப் படிக்கும் முன் அடுத்தது வந்து தொலைந்தது) ஃப்ளாக்குக்கும் சேர்த்துத்தான் இயங்குகிறது, தனியாகக் கேட்காது.

இப்போது ஒரு பதிலின் கடைசி இரண்டு பைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின பைட் வந்தது, உள்ளே போய் ஸ்டேட்டஸைப் படித்தாகிவிட்டது, டேட்டாவை இன்னும் படிக்கவில்லை. சரியாக அந்த இடுக்கில் உயர்ந்த முன்னுரிமை டைமர் குறுக்கே வந்து ஆறு ஆர்எம்எஸ் கணக்குப் போடுகிறது. இந்தச் சிப்பில் ஃப்ளோட் கணக்கு முழுக்க மென்பொருளில் நடக்கிறது, ஆறு வர்க்கமூலம் என்றால் நூறு மைக்ரோ விநாடி தாராளமாக ஆகும். 115200-இல் ஒரு பைட்டுக்கு 87 மைக்ரோ விநாடிதான். கடைசி பைட் வந்து, இடம் இல்லாமல் தொலைந்து, ஓவர்ரன் ஃப்ளாக் ஏறிவிடுகிறது. டைமர் முடிந்து திரும்பி நீங்கள் டேட்டாவைப் படிக்கிறீர்கள், ஆர்எக்ஸ்என்இ இறங்குகிறது. ஓவர்ரன் இறங்காது, ஏனென்றால் அது ஏறிய பிறகு நீங்கள் ஸ்டேட்டஸைப் படிக்கவே இல்லை. ஸ்டேட்டஸ், பிறகு டேட்டா என்று வரிசையாகப் படித்தால்தான் அது அழியும்.

அவ்வளவுதான், மாட்டியாயிற்று. இன்டரப்ட் உள்ளே வரும், ஆர்எக்ஸ்என்இ 0 என்று பார்த்து வெளியே போகும், உடனே மறுபடி வரும். கார்டெக்ஸ்-எம் நடுவில் மெயின் லூப்பின் ஒரு வரியைக்கூட ஓட்டாது. டைமர் மட்டும் மேலே ஓடிக்கொண்டு வாட்ச்டாக்குக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். மெயின் லூப் இல்லாததால் நீங்களும் மோடத்திடம் எதுவும் கேட்கமாட்டீர்கள், அதுவும் பேசாது. யாராவது ஃபோன் அடித்து ஒரு பைட் வந்தால் ஆர்எக்ஸ்என்இ ஏறும், டேட்டா படிக்கப்படும், எல்லாம் அழியும். நடு பைட்டில் இப்படி ஆனால் அடுத்த பைட்டே காப்பாற்றிவிடும், கடைசி பைட் தொலைந்தால் மட்டும்தான் உறையும்.

தோராயமாக ஒரு கணக்கு. இரண்டு படிப்புக்கும் இடையில் பத்து க்ளாக் என்று வைத்தால் 0.14 மைக்ரோ விநாடி. நீண்ட கணக்கு 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை. ஆக, ஒரு பதிலுக்கு 1,44,000-இல் ஒரு வாய்ப்பு. ஐந்து விநாடிக்கு ஒரு தரம் சிக்னல் கேட்கிறீர்களா? அப்படியென்றால் நாளுக்கு 17,280 பதில், எட்டு நாளுக்கு ஒரு முறை மாட்டும். நீங்கள் சொல்லும் பத்துப் பதினைந்துக்கு ரொம்பப் பக்கம்.

சோதிக்கப் பத்து நாள் காத்திருக்க வேண்டாம். மேஜையில் ஒரு போர்டு வைத்து, நொடிக்கு 20 முறை வெறும் ஏடி கட்டளை (மோடம் பதில் சொல்கிறதா என்று மட்டும் பார்ப்பது) அனுப்புங்கள். சில மணி நேரத்தில் உறையும். உறைந்ததும் எஸ்டி-லிங்க்கை (சிப்பின் உள்ளே பார்க்கும் டிபக் கருவி) ரீசெட் இல்லாமல் இணையுங்கள், அவசரத்தில் ரீசெட் ஆகிவிட்டால் சாட்சி போச்சு. ஐசிஎஸ்ஆர் ரிஜிஸ்டரில் இப்போது ஓடும் இன்டரப்ட் எண் இருக்கும். மோடம் யூஎஸ்ஏஆர்டி1 என்ற முதல் யூஆர்ட்டில் என்றால் அதன் இன்டரப்ட் எண் 37-உடன் 16 கூட்டி 53 வர வேண்டும்.

---

பழைய8051:

தறிச்சத்தம் சொன்னது இந்தச் சிப்பின் ஆர்எம்0008 கையேட்டிலேயே இருக்கிறது, ஓவர்ரன் பகுதியின் அடியில் ஒரு சின்னக் குறிப்பாக. ஆர்எக்ஸ்என்இ 0 ஆக இருந்தும் ஓவர்ரன் ஏறலாம், இரண்டு படிப்புக்கும் நடுவில் பைட் வந்தால் இப்படி ஆகும் என்று எழுதியிருப்பார்கள். நானும் அதை அடி வாங்கிய பிறகுதான் படித்தேன்.

மாறுவது பற்றிய கேள்விக்கு வருகிறேன். ரஸ்ட் எனக்குப் பிடித்த மொழி, பஃபர் தாண்டி எழுதுவதை ஓடும்போதே தடுத்து நிறுத்திவிடும், இரண்டு இடத்திலிருந்து ஒரே மாறியைத் தொடுவதைக் கம்பைல் ஆகும்போதே பிடித்துவிடும், புதிதாகத் தொடங்கும் வேலைக்கு நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் எந்த ரிஜிஸ்டரை எந்த வரிசையில் படித்தால் எந்த ஃப்ளாக் அழியும் என்பது அதற்குத் தெரியாது. இதே பிழையை ரஸ்டிலும் அழகாக எழுதலாம். ஸெஃபிர் 2016 முதல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கையில் வளர்கிறது, அதன் டிரைவர்கள் பலர் பார்த்துத் திருத்தியவை, அது பெரிய லாபம். 20 கேபி ரேமில் மோடம், திரை எல்லாம் வைத்து ஓட்டுவது நெருக்கடியாக இருக்கும்.

ஆர்டாஸ் பற்றி ஒன்று. 1997 ஜூலை 4-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் சில நாளில் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ், நல்ல ஆர்டாஸ்தான். வானிலை டாஸ்க் (ஆர்டாஸ் தனியாக ஓட்டும் ஒரு வேலை) ஒரு மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்திருக்கும்போது நடுத்தர முன்னுரிமை வேலைகள் குறுக்கே வந்தன, மேலே இருந்த பஸ் டாஸ்க் காத்துக் கிடந்தது. பூமியில் இருந்த மறுபிரதியில் அதே நிலையை வரவழைத்து, ட்ரேஸ் (நிகழ்வுகளின் பதிவு) பார்த்து, அந்த மியூடெக்ஸுக்கு முன்னுரிமை வாரிசு வசதியை (பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுப்பது) இயக்கி, மாற்றத்தை மேலே அனுப்பினார்கள். ட்ரேஸ் வசதியைப் பறக்கும் கோடிலும் விட்டுவைத்திருந்ததால்தான் அது முடிந்தது. உங்கள் பெட்டியிலும் அப்படி ஒன்றை வையுங்கள், கடைசி 30 நிகழ்வுகள், ரீசெட்டில் அழியாத ரேம் பகுதியில்.

---

கொடிவேரி:

ஆர்டாஸ் வேண்டவே வேண்டாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பிழை சரியான பிறகும் மோடத்துக்கு ஒரு டாஸ்க், பாதுகாப்புக்கு ஒரு டாஸ்க் என்று பிரித்தால் 60 விநாடிக் காத்திருப்பு யாரையும் தொந்தரவு செய்யாது, கோடும் படிக்கிற மாதிரி இருக்கும். ஃப்ரீஆர்டாஸ் 20 கேபியில் தாராளமாக ஓடும். போகும்போது இரண்டு இடத்தில் கவனம்: டாஸ்க் ஸ்டேக் அளவைப் பைட்டில் கொடுக்கக் கூடாது, வேர்டில், அதாவது 512 என்றால் இந்தச் சிப்பில் 2048 பைட். இஎஸ்பி32 என்ற வேறு சிப்பில் மட்டும் அது பைட், ஆகவே இணையத்திலிருந்து எடுத்த எண்ணை அப்படியே போடாதீர்கள். இன்னொன்று, கார்டெக்ஸ்-எம்மில் சின்ன எண்தான் பெரிய முன்னுரிமை. குறிப்பிட்ட எல்லைக்கு மேலான முன்னுரிமை உள்ள இன்டரப்டிலிருந்து ஃப்ரீஆர்டாஸ் ஃபங்ஷன்களைக் கூப்பிட்டால் எப்போதோ ஒரு நாள் உடையும்.

---

பவானிக்கரை:

எல்லோருக்கும் நன்றி, உடனே எழுத முடியவில்லை. நொடிக்கு 20 ஏடி வைத்து ஓட்டினேன். முதல் தடவை மூன்று மணி நேரத்தில் உறைந்தது, இரண்டாவது தடவை நாற்பதே நிமிடம். எஸ்டி-லிங்க் இணைத்துப் பார்த்தால் 53. ஸ்டேட்டஸில் ஓவர்ரன் 1, ஆர்எக்ஸ்என்இ 0. அந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டைமருக்குள் ஒரு பின்னை ஏற்றி இறக்கி அளந்தேன், ஆர்எம்எஸ் கணக்குக்கு 140 மைக்ரோ விநாடி.

இப்போது இன்டரப்டில் ஆர்எக்ஸ்என்இ அல்லது ஓவர்ரன் எது இருந்தாலும் டேட்டாவைப் படித்துவிடுகிறேன். ஆர்எம்எஸ் மெயின் லூப்புக்குப் போய்விட்டது, டைமரில் கூட்டல் மட்டும். வாட்ச்டாக் நீங்கள் சொன்ன பிட் முறையில், இரண்டு விநாடி. அதே சோதனை நான்கு நாளாக ஓடுகிறது, ஒருமுறைகூட நிற்கவில்லை, ஓவர்ரன் எண்ணிக்கை மட்டும் 3 என்று காட்டுகிறது, மூன்று தடவையும் தாண்டிப் போயிருக்கிறது.

ட்ரை ரன் மெயின் லூப்பில் தொடர்வதா, தனி டாஸ்க்காகப் பிரிப்பதா என்பதைக் கொடிவேரி சொன்னதை வைத்து அடுத்த போர்டில் பார்க்கிறேன். வெளியே இருக்கும் பெட்டிகளுக்கு இருந்த இடத்திலிருந்தே கோடை மாற்றும் வசதி இல்லை, ஒவ்வொன்றாகப் போய்த்தான் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை லேப்டாப்பும் எஸ்டி-லிங்க்கும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன், முதலில் அவிநாசித் தோட்டம்.