புதுப்பிப்பு: பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் இருக்குமிடத்தில் முன்பு என்ன இருந்தது, ரயில்வே குடியிருப்புப் படங்கள் யாரிடமாவது உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில்கள் குவிந்துவிட்டன, நன்றி.

முதல் கேள்விக்கு விடை: ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெரிய யார்டு. அந்த நிலத்தில்தான் 2001இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது.

படங்களில் பெரும் புதையல், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரின் மகள் அனுப்பியது. ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் என்ற பழைய ஊழியர் குடியிருப்பின் மாடி வரிசை வீடு. வாசல் தூணில் வெள்ளைச் சாயத்தில் வீட்டு எண், கீழே எனாமல் தூக்கு, கொடியில் காக்கிச் சட்டை. படத்தில் யார் யார் என்று பார்த்துவிட்டு எல்லோரும் ஆல்பத்தை மூடிவிடுகிறோம். எனக்கோ அந்தத் தூண்தான் முக்கியம். எண் தெரிந்தால் எந்த வீடு என்று பிடித்துவிடலாம்.

செங்கல் சூளைகளைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் (பனையோலை வகை) கூரை வீடுகளை வாரிக்கொண்டு போன பிறகு, செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட உத்தரவிட்டார் பிரிட்டிஷ் அதிகாரி ஃபிராங்க் சுவெட்டன்ஹாம். பிரிக்பீல்ட்ஸில் சூளை போட்டவர் கப்பித்தான் (சீனச் சமூகத் தலைவர்) யாப் குவான் செங்.

பழைய நாளிதழ்களில் ‘ஜாலான் துன் சம்பந்தன்’ என்று தேடி அலுத்துப்போனவர்கள் அந்தச் சாலையின் பழைய பெயரான ‘பிரிக்பீல்ட்ஸ் ரோடு’ என்று தேடுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பு இதற்குக் கைகொடுக்கும்.

அடுத்து ஸ்காட் ரோடு. கந்தசுவாமி கோயில் திருவிழாப் படங்கள் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.