சேமியா என்றொரு விங்கர்: ‘நம்ம வீடு’ குழுவில் ஒரு சனிக்கிழமை இரவு

அம்மா: சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான். யாராவது கேளுங்கள். நான் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

பெரியப்பா: யார், சின்னவனா? என்னவாம்?

அம்மா: ஃபுட்பால் கோச் அவனை ஃபார்வர்டிலிருந்து எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டாராம். அதற்குத்தான் இந்த முகம்.

தம்பி: ஓரம் இல்லைம்மா. விங்.

சித்தப்பா: இரண்டும் ஒன்றுதானே. கோட்டுப் பக்கமாக நின்று வெயில் காயலாம்.

தம்பி: அதைத்தான் நானும் சொல்கிறேன் சித்தப்பா. பாதி நேரம் பந்தே வருவதில்லை. வந்தால் மூச்சு வாங்க ஓடணும், ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தைத் தூக்கி கிராஸ் போடணும். கோலை வேறு எவனோ அடித்துவிட்டுக் கையைத் தூக்குவான்.

தோஹா மாமா: மருமகனே, ஏஞ்சல் டி மரியா தெரியுமா?

தம்பி: தெரியும் மாமா. அர்ஜென்டினா, 11ஆம் நம்பர்.

தோஹா மாமா: 2022 உலகக் கோப்பை ஃபைனல், அர்ஜென்டினாவும் பிரான்ஸும். அன்று நான் லுசைல் ஸ்டேடியத்தில் இல்லை. டிக்கெட்டுக்கு எங்கே போவது? அல் பிட்டா பூங்காவில் பெரிய திரைக்கு முன்னால் நின்று பார்த்தேன். உன் அத்தையும் இருந்தாள்.

அத்தை: இருந்தேன் இல்லை, நின்றேன். மத்தியானத்திலிருந்து. உட்கார இடம் பிடிக்கிறேன் என்று போனவர் ஆட்டம் தொடங்கிய பிறகுதான் வந்தார்.

தோஹா மாமா: அதை விடு. அந்த ஆட்டம் என்றால் எல்லாரும் மெஸ்ஸி, எம்பாப்பே என்றுதான் பேசுவார்கள். முதல் பெனால்டி யாரால் கிடைத்தது? டி மரியாவால். அவர் வழக்கமாக வலது பக்கம் ஆடுகிறவர். அன்று கோச் ஸ்கலோனி இடது பக்கம் நிறுத்தினார். பிரான்ஸ் எதிர்பார்க்கவே இல்லை. டெம்பெலேவைத் தாண்டி கோல் முன்னால் இருக்கும் பெட்டிக்குள் போனார், டெம்பெலே பின்னாலிருந்து தட்டிவிட்டார், பெனால்டி. 23ஆவது நிமிடம் மெஸ்ஸி அடித்தார். 36இல் இரண்டாவது கோல். மெஸ்ஸி, ஆல்வரெஸ், மெக் அலிஸ்டர் என்று பந்து வந்து, கடைசியில் அடித்தது டி மரியா. கண்ணீரோடுதான் ஓடினார்.

தோஹா மாமா: 64ஆவது நிமிடம் அவரை வெளியே எடுத்தார்கள். அப்போது 2-0. 80, 81இல் பிரான்ஸின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு. அப்புறம் 3-3, பெனால்டியில் 4-2 வரை போய்த்தான் கோப்பை வந்தது.

சித்தப்பா: அத்தான், ஒரு சந்தேகம். அவ்வளவு கெட்டிக்காரர் என்றால் ஏன் எந்த கிளப்பும் கடைசிவரை வைத்துக்கொள்ளவில்லை? ஊர் ஊராக விற்றிருக்கிறார்களே. ஏதோ குறை இருக்கணும்.

பெரியப்பா: அப்படிப் பார்த்தால் என்னையும் ரயில்வே அரக்கோணம், ஜோலார்பேட்டை, ஈரோடு, போத்தனூர் என்று விரட்டியது. எனக்கும் குறையா?

சித்தப்பா: நான் அப்படிச் சொல்லவில்லை அண்ணா.

பெரியம்மா: குறை இருந்தது. ஆனால் மாற்றலுக்குக் காரணம் அது இல்லை.

நான்: டி மரியா கதை எனக்கும் கொஞ்சம் தெரியும். ஊர் ரோசாரியோ. மெஸ்ஸி பிறந்ததும் அதே ஊர்தான், ஆனால் ஆளுக்கொரு கட்சி. மெஸ்ஸி வளர்ந்தது நியூவெல்ஸ் கிளப்பில், இவர் அதற்குப் பரம எதிரியான ரோசாரியோ சென்ட்ரல் கிளப்பில். சின்ன வயதில் வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாராம். டாக்டர்தான் ஏதாவது விளையாட்டில் சேருங்கள் என்று சொன்னார். பேட்டைக் குழுவிலிருந்து சென்ட்ரலுக்கு எடுத்தபோது விலை பணம் இல்லை, கொஞ்சம் பந்துகள்.

பாட்டி (அம்மா தட்டிக்கொடுத்தது): பந்துக்குப் பிள்ளையைக் கொடுத்தார்களா? நல்ல கூத்து.

நான்: அப்பாவுக்கு அடுப்புக்கரி வியாபாரம் பாட்டி. கரியை மூட்டை கட்டி விற்பது. பிள்ளைகளும் கூடவே நின்று கட்டுவார்கள். வெள்ளையடித்த வீட்டுச் சுவரெல்லாம் கரியேறிக் கிடந்ததை அவரே எழுதியிருக்கிறார். அந்த அப்பாவும் ஒரு காலத்தில் ரிவர் பிளேட் கிளப்பில் ஆடியவர். முழங்கால் போனதோடு ஆட்டம் முடிந்தது.

நான்: பயிற்சிக்கு அம்மா கூட்டிப்போவது மஞ்சள் நிறத் துருப்பிடித்த சைக்கிளில். அந்தச் சைக்கிளுக்கு கிராசியேலா என்று பெயர். இவரையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு மழையிலும் குளிரிலும் இருட்டிலும் மிதிப்பார். ஒருமுறை ஹெட் பண்ண எழும்பவில்லை என்று கோச் எல்லார் முன்னாலும் கோழை என்று திட்டிவிட்டார். பையன் வீட்டுக்கு வந்து அழுகிறான். அம்மா விஷயம் கேட்டுவிட்டு, திரும்பப் போய் நிரூபித்துக் காட்டு என்று அனுப்பிவிட்டார்.

அம்மா: பார்த்தாயா. உன் கோச் இடத்தைத்தான் மாற்றினார்.

தம்பி: அம்மா ப்ளீஸ்.

பெரியப்பா: அப்பா ஒன்றும் சொல்லவில்லையா?

நான்: சொன்னார் பெரியப்பா. 16 வயதாகியும் பெரிய அணிக்கு எடுக்கவில்லை. அப்போது அப்பா மூன்று வழி காட்டினார். என்னோடு கரி வேலைக்கு வா, இல்லையென்றால் படிப்பை முடி, அதுவும் இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் பந்தில் முயன்று பார். ஒரு வருஷம்தான் கெடு. 2005 டிசம்பரில் சென்ட்ரலுக்கு முதல் ஆட்டம் ஆடிவிட்டார்.

சித்தப்பா: சரி, அது சின்ன வயசு. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

தோஹா மாமா: வருகிறேன் மாப்பிள்ளை. 2007இல் போர்ச்சுகல், பென்ஃபிகா. 2010இல் ஸ்பெயின், ரியல் மாட்ரிட். அங்கே நாலு சீசன். 2013இல் கரெத் பேலைப் பெரிய விலைக்கு வாங்கினார்கள். வலது விங் போயிற்று. அப்புறம் கோச் அன்செலோட்டி இவரை நடுக்களத்தின் இடது பக்கம் போட்டார். இவர் முறைத்துக்கொண்டு உட்காரவில்லை. அந்த சீசன் ஸ்பானிஷ் லீகில் 17 கோலுக்குப் பாஸ் கொடுத்தார். லீகிலேயே அதிகம். 2014 மே மாதம் லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பை. கூடுதல் நேரத்தில் எல்லார் காலும் கனத்துவிட்டது. இவர் மட்டும் இடது பக்கத்தில் ஆட்களைக் கிழித்துக்கொண்டு போய் அடித்தார். கோல்கீப்பர் காலில் பட்டு எழும்பிய பந்தை பேல் தலையால் தள்ளினார். ஆட்ட நாயகன் விருது டி மரியாவுக்கு.

தோஹா மாமா: மூன்றே மாதத்தில் விற்றுவிட்டார்கள். இப்போது சொல்லுங்கள், குறை யாரிடம்?

சித்தப்பா: அது அநியாயம்தான்.

தோஹா மாமா: போன இடம் மான்செஸ்டர் யுனைடெட். 5.97 கோடி பவுண்டு, அன்றைக்கு இங்கிலாந்தில் அதுதான் உச்ச விலை. 7ஆம் நம்பர் சட்டை. ஆனால் ஒரே வருஷம்தான் இருந்தார். லெஸ்டருக்கு எதிராக கீப்பர் தலைக்கு மேல் தூக்கிப்போட்ட கோல் ஒன்று, பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆட்டம் என்னவோ 5-3 என்று தோல்வி. லீகில் மொத்தம் 3 கோல்.

சித்தப்பா: அவ்வளவு விலைக்கு 3 கோலா? ஒரு கோல் கிட்டத்தட்ட 2 கோடி பவுண்டு.

அத்தை: விலையைப் பேசுகிறீர்கள். வீட்டை யாரும் பேசவில்லை. 2015 தொடக்கத்தில் அங்கே அவர் வீட்டில் திருடன் புகப் பார்த்தான். எல்லாரும் வீட்டுக்குள் இருக்கும்போது. மூத்த பெண் குறைமாதத்தில் பிறந்த குழந்தை, அப்போது இரண்டு வயசுகூட ஆகவில்லை. மொழி தெரியாத ஊர், இவர் ஆட்டம் ஆட்டம் என்று போய்விடுவார். அந்தப் பெண் என்ன பாடுபட்டிருப்பாள். நான் தோஹா வந்த புதிதில் பால்காரனிடம் பேசவே பயந்தவள்.

அத்தை: பாரிஸ் போன பிறகும் விடவில்லை. 2021 மார்ச்சில் ஆட்டம் நடக்கும்போதே கோச் அவரை வெளியே கூப்பிட்டு அனுப்பிவிட்டார். வீட்டில் ஆட்கள் இருக்கும்போதே மறுபடி கொள்ளை. இதெல்லாம் கோல் கணக்கில் வராது.

பெரியம்மா: நிஜம். எங்களுக்கு ஈரோட்டில் குடியிருப்பு கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. சாமான் பாதி மூட்டையிலேயே கிடந்தது. இவர் டூட்டி என்று போய்விடுவார்.

பெரியப்பா: அதை எத்தனை தடவைதான் சொல்லுவாய்.

தோஹா மாமா: பாரிஸ் பி.எஸ்.ஜி.யில் 2015 முதல் 2022 வரை ஏழு சீசன் இருந்தார். ஆக, ஒரு இடத்தில் நிலைக்காத ஆள் என்பதும் சரியில்லை. ஐந்து பிரெஞ்சு லீக் பட்டம். 2017இல் தன் பிறந்த நாளான பிப்ரவரி 14 அன்று பார்சிலோனாவுக்கு எதிராக இரண்டு கோல், 4-0. அடுத்த ஆட்டத்தில் 6-1 வாங்கி வெளியேறினார்கள், அது வேறு கதை. பிறகு இத்தாலி, யுவென்டஸ் ஒரு வருஷம். மறுபடி பென்ஃபிகா. ஆறு நாடு, ஆறு கிளப்.

தம்பி: ஃபைனலில் மட்டும் அடிப்பார் என்று சொல்வார்களே மாமா?

தோஹா மாமா: 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் ஃபைனல், நைஜீரியாவுக்கு எதிராக 1-0, அந்த ஒன்று இவருடையது. 2021இல் தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்கா ஃபைனல், மரக்கானா ஸ்டேடியத்தில் பிரேசிலுக்கு எதிராக 1-0, அதுவும் இவர். 1993க்குப் பிறகு அர்ஜென்டினா பெரிய கோப்பையைத் தொட்டது அன்றுதான். 2022இல் வெம்ப்ளியில் இத்தாலியோடு ஆடிய ஃபைனலிசிமா, ஐரோப்பிய சாம்பியனும் தென் அமெரிக்க சாம்பியனும் மோதும் ஆட்டம், அதிலும் ஒன்று. அப்புறம் லுசைல். இதில் முதல் மூன்றும் கீப்பர் தலைக்கு மேல் நைசாகத் தூக்கிப் போட்டவை. ஒரே கள்ளத்தனம், மூன்று கீப்பர்கள் ஏமாந்தார்கள்.

நான்: ஆனால் 2014 உலகக் கோப்பை ஃபைனல் மாமா. எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. காலிறுதியில் பெல்ஜியத்தோடு ஆடும்போது தொடைத் தசை போய்விட்டது. ஃபைனல் நாள் காலை ஊசி போட உட்கார்ந்திருக்கிறார். ரியல் மாட்ரிட்டிலிருந்து கடிதம் வருகிறது. அவரை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நேரம். கால் கெட்டால் சரக்கு கெட்டுவிடும் இல்லையா? உறையைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டார். கோச் சபெல்லாவிடம் போய், உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கோச் அவரை இறக்கவில்லை. ஜெர்மனி 1-0.

பெரியப்பா: பிரிக்காமலே கிழித்தாரா! எனக்கு அந்தத் தைரியம் வந்ததில்லை. மாற்றல் உத்தரவைப் படித்துவிட்டுத்தான் மடித்து வைப்பேன்.

பாட்டி (அம்மா தட்டிக்கொடுத்தது): அந்தப் பையன் ஊருக்குத் திரும்பி வந்தானா?

நான்: வந்துவிட்டார் பாட்டி. ஒரு வருஷம் முன்பே வந்திருப்பார். ரோசாரியோவில் போதைக் கும்பல் தொல்லை அதிகம். 2024 மார்ச்சில் குடும்பத்துக்கு மிரட்டல் கடிதம் போட்டார்கள், திரும்பி வரக் கூடாது என்று. அதனால் அந்த வருஷம் வரவில்லை. தேசிய அணியிலிருந்து மட்டும் விலகினார். 145 ஆட்டம், 31 கோல், கடைசி ஆட்டத்திலும் கோபா கோப்பை. 2025இல், 37 வயசில், சென்ட்ரலுக்கே வந்துவிட்டார். ஆகஸ்டில் நியூவெல்ஸோடு ஆட்டம். ஃப்ரீ கிக்கில் ஒரே கோல், இவருடையது, 1-0.

பாட்டி (அம்மா தட்டிக்கொடுத்தது): வந்தானே, அது போதும். ஆள் பார்க்க எப்படி இருப்பான்?

தோஹா மாமா: குச்சி. அங்கே பட்டப் பெயரே ஃபிடேயோ. நம் சேமியா இருக்கிறதல்லவா அத்தை, அதுதான் அர்த்தம்.

பெரியம்மா: நம் சின்னவனுக்கும் பொருந்தும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு நடுவில் நின்றால் இடித்தே தள்ளிவிடுவார்கள். கோச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

தம்பி: பெரியம்மா நீங்களுமா.

தம்பி: மாமா, ஒன்று கேட்கணும். நான் வலது கால். கோச்சும் வலது விங்தான் கொடுத்திருக்கிறார். டி மரியா இடது கால், ஆனால் வலது பக்கம் ஆடினார். அப்போது நான் இடது பக்கம் கேட்கலாமா?

தோஹா மாமா: இரண்டும் இரண்டு வேலை. வலது காலோடு வலது பக்கம் நின்றால் கோட்டோரமாகப் போய் கிராஸ் போடலாம். இடது பக்கம் நின்றால் உள்ளே வெட்டிக்கொண்டு வந்து நீயே அடிக்கலாம். ஆனால் உள்ளே வெட்டினால் நெரிசல், பந்து போனால் திரும்ப ஓடி, பின்னால் தடுத்து ஆடுகிற உன் பேக்குக்கு உதவணும். அதைச் செய்யாதவனைத்தான் கோச் முதலில் வெளியே எடுப்பார். முதலில் கொடுத்த பக்கத்தில் நாலு ஆட்டம் ஆடு. ஐந்தாவதில் கேள்.

தம்பி: நாலு ஆட்டமா? அதற்குள் மாவட்டப் போட்டி முடிந்துவிடும் மாமா.

தோஹா மாமா: அப்போது இரண்டாவதில் கேள்.

அம்மா: எழுந்து வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டான். தட்டில் ஒரு கை, போனில் ஒரு கை.

அப்பா: நாளைக்கு ஐந்தரைக்கு கிரவுண்டில் இருக்கணும் என்றாயே. பூட்ஸ் இன்னும் மாடியில்தான் காய்கிறது. மழை வருகிற மாதிரி இருக்கிறது.

தம்பி: ஐயோ.