தங்கமுலாம் பூசிய ஆப்டிகல் கேபிளும் வேறு சில கதைகளும்

மரைன்டிரைவ்_மாடிவீடு
ஆளுக்கொரு வயர் கதை சொல்லுங்கள், நான் தொடங்குகிறேன். எந்த டிவி, எத்தனை அங்குலம் என்று கேட்காதீர்கள், அது வேறு கதை. கொழும்பு காலி வீதியில் ஒரு கடையில் சவுண்ட்பாருக்கு, அதாவது டிவிக்கு முன்னால் வைக்கிற நீள ஸ்பீக்கருக்கு, சாதாரண ஆப்டிகல் கேபிள் ஒன்றுதான் கேட்டேன். பெடியன் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, இரண்டு முனையும் மின்னுகிற ஒன்றை எடுத்து லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிக் காட்டினான். "கோல்ட் பிளேட்டட் மிஸ். சத்தம் தனி கிளியர்."

"தம்பி, இதுக்குள்ள போறது வெளிச்சம். வெளிச்சத்துக்கு ஏன் தங்கம்?"

அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. "தங்கம் கறுக்காது மிஸ்."

கூட வந்த மாமா "அது உண்மைதானே பிள்ளை" என்று தலையாட்டிவிட்டார். அதற்கு மேல் நான் என்ன கதைப்பது? காசும் அவரே கொடுத்தார். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் டிவிக்குப் பின்னால் கூட்டிப்போய் அந்த முனையைக் காட்டுகிறார்.

தெகிவளைக்_காற்று
சிரிக்க வேண்டாம், பெடியன் சொன்னதில் பாதி சரி. ஆப்டிகலுக்குத் தங்கம் வெறும் சோடனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடலோர வீடு வேறு. எங்கள் வீட்டில் பின்பக்க இடது ஸ்பீக்கர் கரகரத்துக்கொண்டே இருந்தது. வயரைக் கழற்றினால் செம்பு நுனி பச்சையாகப் பூத்து, விரலில் தூளாக ஒட்டியது. உப்புக் காற்று.

ஆகவே வெள்ளவத்தை, தெகிவளைக்காரர்கள் கவனியுங்கள். பச்சை பிடித்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவி, பனானா பிளக்கை (ஸ்பீக்கர் வயர் நுனிக்குப் போடுகிற உலோக முனை) இறுக்கமாகப் போடுங்கள். சப்வூஃபருக்கு (அடிச்சத்த ஸ்பீக்கர்) மின்சாரமாகச் சத்தத்தைக் கொண்டுபோகிற ஆர்சிஏ வயருக்குத் தங்கமுலாம் பிழையே இல்லை. அப்புறம் மரைன்டிரைவ் தங்கச்சி, உங்களுக்கு ஏன் ஆப்டிகல்? அதில் சுருக்கிய சரவுண்ட் சத்தமான டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான் போகும், தரம் குறையாத ட்ரூஎச்டி போகாது. அதற்கு எச்டிஎம்ஐ வழியாக டிவியிலிருந்து சத்தத்தை அனுப்புகிற இ-ஏஆர்சி வேண்டும். எச்டிஎம்ஐ போட்டால் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தையும் கூட்டிக் குறைக்கலாம். அதற்கு செட்டிங்கில் சிஇசி என்பதைப் போட மறக்காதீர்கள்.

மரைன்டிரைவ்_மாடிவீடு
நான் கேட்கவே இல்லையே அண்ணா. இந்த சவுண்ட்பாரில் எச்டிஎம்ஐ துளையே கிடையாது.

குறுக்குத்தெரு_ரசிகன்
புறக்கோட்டை, முதலாம் குறுக்குத் தெரு. மழை வேறு, மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் வண்டியோடு வழி கேட்டுக் கத்துகிறார்கள். ஸ்பீக்கர் வயர் சுருள் ஒன்றைக் கையில் எடுத்தேன், பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. "நானா, இது செம்புதானா?" என்றேன். மனிதர் ஒன்றும் பேசாமல் மேசை லாச்சியிலிருந்து பிளேடை எடுத்து ஓர் இழையைச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. "அலுமினியம் தம்பி. செம்பு வேணுமெண்டா உள்ளுக்கு இருக்கு."

கேட்டதும் உண்மையைச் சொன்னாரே என்று சந்தோஷப்படுவதா, கேட்காவிட்டால் அதைத்தானே கட்டித் தந்திருப்பார் என்று கோபப்படுவதா? இன்னும் தெரியவில்லை. செம்பு வயரைத்தான் வாங்கினேன்.

ஓம்ஸ்_விதி
சுரண்டிப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளீயம் பூசிய நல்ல செம்பும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும். குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் சிவப்பு என்றால் செம்பு. தெகிவளை அண்ணைக்கு உண்மையில் அந்த வெள்ளீயம் பூசிய வயர்தான் பொருத்தம், உப்புக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும்.

அலுமினியம் என்றவுடன் பதறவும் தேவையில்லை. செம்பு 16 கேஜ் (வயரின் தடிப்பு அளவு) வயரில் 10 மீட்டர் ஓட்டத்துக்கு, போக வர இரண்டு இழையும் சேர்த்து ஏறத்தாழ 0.26 ஓம். அலுமினியம் கலந்தது 0.4 ஓம் அளவில் வரும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது எல்லைக் கோடு, 4 ஓம் என்றால் தடித்த வயர்தான் வேண்டும். சின்ன அறைக்கு எதுவும் ஓடும். குற்றம் அலுமினியத்தை விற்பதில் இல்லை, செம்பு விலைக்கு விற்பதில். என் கதையா? அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை, மேலே சொன்ன கணக்கைக் கடையில் நின்று சொன்னேன், முதலாளி கல்குலேட்டரைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

நுகேகொடை_இடி
வயரை விடுங்கள், மின்னலைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஏப்ரல் மாதத்துப் பின்னேர மழை. ஆயிரக்கணக்கில் கொடுத்து சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின் அதிர்ச்சியைத் தடுக்கிற பிளக்) வாங்கி, ஸ்பீக்கர்களை ஓட்டுகிற ரிசீவரையும் டிவியையும் அதில்தான் செருகியிருந்தேன். ஒரு இடி. கரண்ட் போகவில்லை, ட்ரிப் சுவிட்சும் விழவில்லை, ரிசீவருக்குள் மட்டும் "டிக்" என்று ஒரு சத்தம். அந்த "டிக்" இன்னும் காதில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஒரு எச்டிஎம்ஐ துளையும் வேலை செய்யவில்லை. மின்னல் வந்தது கூரை டிஷ் வயர் வழியாக, டிஷ் டிவிப் பெட்டிக்குள் புகுந்து, எச்டிஎம்ஐ பிடித்து ரிசீவருக்கு. சுவர்ப் பிளக்கைக் காத்த எனக்கு டிஷ் வயர் ஞாபகத்தில் வருமா?

வயரிங்_முடிந்த_வீடு
எங்கள் வீட்டில் புரொஜெக்டருக்கு 15 மீட்டர் ஆப்டிகல் எச்டிஎம்ஐ. சாதாரண செம்பு எச்டிஎம்ஐ அந்த நீளத்தில் 4கே-க்குத் தாங்காது என்று அதைத் தேடி வாங்கினோம். அது ஒருவழிப் பாதை, ஒரு முனையில் சோர்ஸ், மறு முனையில் டிஸ்பிளே என்று எழுதியிருக்கும். வயரிங் பாஸிடம் (வயரிங் வேலை செய்பவரிடம்) மனைவி இரண்டு தரம் சொன்னாள். அவர் பைப்பே போடாமல் முனைகளை மாற்றிச் சுவருக்குள் புதைத்து, சாந்து பூசி, பெயின்ட்டும் அடித்தாயிற்று. கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு அவர் கேட்டார்: "புரொஜெக்டரை இந்தப் பக்கம் வைக்க ஏலாதா?"

ஓம்ஸ்_விதி
உடைத்தால் அகலமான பைப்பாகப் போடச் சொல்லுங்கள். ஒடுக்கமானதில் எச்டிஎம்ஐ தலை போகாது. தலை கழற்றக்கூடிய ஆப்டிகல் கேபிள்களும் உண்டு. வளைவுகளைப் பெரிதாக எடுக்கச் சொல்லுங்கள், பிறகு வயர் இழுக்க உள்ளே ஒரு நைலோன் கயிறையும் விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

வயரிங்_முடிந்த_வீடு
உடைக்கவில்லை அண்ணா. புரொஜெக்டர் இப்போது அந்தப் பக்கம்தான் இருக்கிறது.