ரெக்கவரி பார்ட்டிஷன் போன கதைகள்

லேப்டாப் சர்வீஸ், டவுன் ஹால் ரோடு:

“சும்மா ஓஎஸ் மட்டும் போட்டுக் கொடுங்கண்ணே” என்று கொண்டுவந்து வைக்கிற லேப்டாப்பில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், பல நேரம் சி டிரைவைத் தவிர உருப்படியாக எதுவும் இருக்காது. முன்பு யாரோ ஒருவர் விண்டோஸ் போடும்போது டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கிற எல்லாப் பார்ட்டிஷனுக்கும் வரிசையாக டெலீட் கொடுத்திருப்பார். கேட்டால், “இடம் வீணாப் போகுதுன்னு எடுத்துட்டாங்க” என்பார்கள். அந்த வீணான இடத்தால் அவதிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

சிம்மக்கல் பக்கம் சின்ன அச்சகம் வைத்திருப்பவர் அவர். ஆவணி முகூர்த்த நேரம், கல்யாணப் பத்திரிகை வேலை தலைக்குமேல் கிடக்கிறது. மிஷின் மெதுவாக ஓடுகிறதே என்று தெரிந்த பையனிடம் கொடுத்திருக்கிறார். பையன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸ் புரோ போட்டுக் கொடுத்துவிட்டான். வைஃபை வரவில்லை, சத்தம் இல்லை, திரையின் ஓரத்தில் ஆக்டிவேட் விண்டோஸ் என்று நிற்கிறது. கம்பெனி கொடுத்த ரெக்கவரியைக் கொண்டுவரலாம் என்று எஃப்11 தட்டினால், தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆக்டிவேஷன் சுலபமாக முடிந்தது. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்தே, விண்டோஸுடன் விற்கிற லேப்டாப்பில் அதன் கீ மதர்போர்டின் பயாஸுக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது. இவர் வாங்கியது ஹோம். பையன் போட்டது புரோ. ஹோம் கீயை வைத்து புரோ எப்படி ஆக்டிவேட் ஆகும்? அதே ஹோமைத் திரும்பப் போட்டு நெட்டில் இணைத்ததும், யாரும் எதையும் தட்டாமலே ஆக்டிவேட் ஆகிவிட்டது. இதற்குப் போய்ப் பணம் கொடுத்துக் கீ வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

ரெக்கவரி விஷயத்தில்தான் குழப்பம். அந்தப் பெயரில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று விண்டோஸே உருவாக்கிக்கொள்கிற சின்னப் பார்ட்டிஷன். 500 எம்பியிலிருந்து 1 ஜிபி வரை இருக்கும். விண்டோஸ் ஏறாதபோது வருகிற நீலத் திரை, ரிப்பேர், ரீசெட் எல்லாம் அங்கிருந்து வருபவை. இன்னொன்று வைஃபை, சத்தம் எல்லாவற்றையும் ஓடவைக்கிற டிரைவர்களோடு லேப்டாப் கம்பெனி வைக்கிற முழு இமேஜ், அதாவது விண்டோஸின் நகல். விண்டோஸ் 7 காலத்து மிஷின்களில் அது 10, 15 ஜிபி என்று உட்கார்ந்திருக்கும். முதலாவது போனால் நாமே திரும்ப உருவாக்கலாம். இரண்டாவது போனால் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். டெல் சர்வீஸ் டேக் கேட்கும், லெனோவோ சீரியல் நம்பர் கேட்கும், எச்பி புராடக்ட் நம்பர் கேட்கும். அவர்கள் தளத்திலிருந்து ஒரு டூலை இறக்கி, வேறொரு கம்ப்யூட்டரில் பென்டிரைவ் தயாரிக்க வேண்டும். 32 ஜிபி பென்டிரைவ் வைத்துக்கொண்டால் நிம்மதி. எல்லா மாடலுக்கும் கிடைக்காது, ரொம்பப் பழைய மாடலுக்குக் கை விரித்துவிடுவார்கள்.

இவருக்கு இமேஜ் கிடைத்தது. வைஃபை வந்தது, சத்தம் வந்தது. மனிதர் சிரித்த முகமாக ஒரு பழைய பத்திரிகை ஃபைலைத் திறந்தார். ‘திருமண அழைப்பிதழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தாக ஒரு வரி, புள்ளி வைத்த எழுத்து வந்த இடமெல்லாம் அரைப்புள்ளி. பாமினி ஃபான்ட் போய்விட்டது. பாமினி, வானவில் மாதிரிப் பழைய ஃபான்ட்கள் யூனிகோடு கிடையாது. ஃபான்ட் இல்லாவிட்டால் அடியில் இருக்கிற ஆங்கிலத் தட்டச்சுதான் தெரியும். வருடக்கணக்கில் சேர்த்த பத்திரிகை, போஸ்டர், பில் புக் எல்லாம் அதே கோலம். கம்பெனி இமேஜில் டிரைவர் இருக்கும், பாமினி இருக்குமா? கடைசியில் செல்லூரில் அச்சகம் வைத்திருக்கிற அவருடைய மச்சானின் கம்ப்யூட்டரிலிருந்து ஃபான்ட்ஸ் ஃபோல்டரைக் காப்பி எடுத்துவந்து போட்டோம். வரிக்கு வரி தமிழ் திரும்பி வந்தது.

அதிலிருந்து, யார் ஃபார்மட் கேட்டு வந்தாலும் போட்டோ, டாக்குமென்ட் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் விண்டோஸுக்குள் இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிடுகிறேன். அது மட்டும் பற்றாது. அட்மின் அனுமதி இல்லாமல் போட்ட ஃபான்ட், யூசர் ஃபோல்டரில் ஆப்டேட்டாவுக்குள் மறைவாக இருக்கும். அதையும் பாருங்கள்.

—

பள்ளி ஆசிரியர், உசிலம்பட்டி:

அரசு லேப்டாப் பற்றி யாரும் எழுதுவதற்கு முன் நான் எழுதிவிடுகிறேன். 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மிஷின்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ். ஆன் பண்ணினால் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். பிள்ளைகள் பெரும்பாலும் விண்டோஸைத்தான் தட்டுவார்கள்.

எங்கள் பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் அண்ணன், படம் வைக்க இடம் பற்றவில்லை என்று விண்டோஸுக்குள்ளிருந்தே லினக்ஸ் பார்ட்டிஷனை டெலீட் செய்துவிட்டான். அப்போது ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் க்ரப் ரெஸ்க்யூ என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஒரு கடையில் ஹார்டு டிஸ்க் போச்சு, புதுசு போடணும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மா ஆட்டை விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் விஷயம் என் காதுக்கு வந்தது.

டிஸ்க்குக்கு ஒரு கேடும் இல்லை. அந்தப் பட்டியலைக் காட்டுகிற க்ரப்பின் தலை டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும், உடம்பு லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கும். பையன் உடம்பை அழித்துவிட்டான். விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டு, ரிப்பேர் வழியாகக் கமாண்டு பிராம்ப்ட்டுக்குப் போய், பூட்ரெக் கட்டளையில் ஃபிக்ஸ்-எம்பிஆர் கொடுத்தோம். விண்டோஸ் ஏறிவிட்டது. எல்லா ஃபைலும் அப்படியே இருந்தன. செலவு என்று பார்த்தால் டீக்காசுதான்.

—

கல்லூரி ஆசிரியை, கே.கே.நகர்:

என் கதையில் யாரும் எதையும் அழிக்கவில்லை. வாரண்டியில் மதர்போர்டு மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆன் பண்ணினால் நீலத் திரையில் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீயைக் கேட்கிறது. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதியாம். நான் எந்த லாக்கரும் போடவில்லையே என்று திகைத்துப் போனேன். டிஸ்க்கைத் திறக்கிற சாவியை மதர்போர்டில் இருக்கிற டிபிஎம் சிப்தான் வைத்திருக்குமாம். போர்டை மாற்றினால் சிப்பும் போய்விடும், அதனால் நம்மிடம் கேட்கிறது.

கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் என்றார்கள். என் கணக்கைத் திறந்தால் இந்த லேப்டாப்பே அதில் இல்லை. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வாங்கின அன்று கடையில் இருந்த தம்பி “நானே செட் பண்ணித் தர்றேன் மேடம்” என்று எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். அவருடைய மெயிலைப் போட்டுத்தான் முடித்திருக்கிறார்! கடைக்குப் போனால் அவர் திருப்பூருக்கு வேலை மாறிவிட்டதாகச் சொன்னார்கள். நம்பர் வாங்கிப் பேசினேன். நல்ல பிள்ளை, தன் கணக்கைத் திறந்து பார்த்து வாசித்தார். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுப்பு.

நான் கணக்கு நடத்துகிறவள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு தொகுப்பையும் 11-ஆல் வகுத்துப் பார்த்தேன். சரியான தொகுப்பு மீதியில்லாமல் வகுபட வேண்டும், அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் வகுபடவில்லை. “தம்பி, அந்த வரியை இன்னொரு தடவை படிங்க” என்றேன். ஏழை ஒன்று என்று எழுதியிருந்தேன். திருத்தி அடித்ததும் திறந்துகொண்டது. முதல் வேலையாகக் கணக்கை என் பெயருக்கு மாற்றினேன்.

—

லேப்டாப் சர்வீஸ், டவுன் ஹால் ரோடு:

மேடம், 11-ஆல் வகுக்கிற வித்தை எனக்கு இதுவரை தெரியாது. கடையில் எழுதி ஒட்டப்போகிறேன்.

விண்டோஸ் 11-இல் 24எச்2 என்ற பதிப்புக்குப் பிறகு இது இன்னும் அதிகமாக வருகிறது. புதிதாக விண்டோஸ் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோமாக இருந்தாலும் பல மிஷின்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்கிற டிஸ்க் பூட்டு தானாகவே ஆன் ஆகிவிடும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்ததால் நிறையப் பேர் 11-க்கு மாறுகிறார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் டிஸ்க் பூட்டியிருப்பதே தெரியாது. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் கீயை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளை லேப்டாப் பையிலேயே வைக்காதீர்கள்.

—

மாணவர், திருமங்கலம்:

அண்ணே, எனக்கும் ரெக்கவரி பார்ட்டிஷன் இல்லை. கமாண்டு பிராம்ப்ட்டில் ரெக்கவரியைக் கவனிக்கிற ரீஏஜென்ட்சி கட்டளைக்கு இன்ஃபோ கொடுத்தால் டிசேபிள்டு என்று வருகிறது. எனேபிள் கொடுத்தால் விண்டோஸ் ஆர்இ (ரெக்கவரி) இமேஜ் இல்லை என்கிறது. ஃபார்மட் அடிக்காமல் திரும்பக் கொண்டுவர முடியுமா?

—

லேப்டாப் சர்வீஸ், டவுன் ஹால் ரோடு:

முடியும் தம்பி. முதலில் ஃபைல்களை வேறு டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் ஆன் என்றால் நிறுத்தி வையுங்கள். சார்ஜர் சொருகியே இருக்கட்டும்.

வேண்டியது வின்ஆர்இ.விம் என்ற ஒரே ஒரு ஃபைல். உங்கள் மிஷினில் இருக்கிற அதே பதிப்பு விண்டோஸின் ஐஎஸ்ஓவை, அதாவது இன்ஸ்டால் டிஸ்க்கின் முழு நகல் ஃபைலை, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்குங்கள். அதில் சோர்சஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டால்.விம் அல்லது இன்ஸ்டால்.இஎஸ்டி இருக்கும். செவன்-ஜிப்பில் அதைத் திறந்து விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி என்று உள்ளே போனால் அந்த ஃபைல் கிடைக்கும். அதை உங்கள் சி டிரைவில் அதே பெயருள்ள ரெக்கவரி ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள்.

அடுத்து இடம். பார்ட்டிஷன் பிரிக்கிற கட்டளையான டிஸ்க்பார்ட்டில் சி டிரைவைத் தேர்ந்தெடுத்து 1024 எம்பி ஷ்ரிங்க் கொடுங்கள். அந்த இடத்தில் பிரைமரி பார்ட்டிஷன் உருவாக்கி என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்யுங்கள். இதுவரை அது சாதாரண டிரைவ்தான். செட் ஐடி கொடுத்தால்தான் ரெக்கவரி ஆகும். டிஸ்க்கைப் பிரிக்கிற முறை இரண்டு: பழைய எம்பிஆர், புதிய ஜிபிடி. எம்பிஆர் டிஸ்க் என்றால் ஐடி 27. ஜிபிடி என்றால் நீளமான ஒரு அடையாள எண்ணும், டிரைவ் எழுத்து வராமலிருக்க அட்ரிபியூட் எண்ணும் வேண்டும். இரண்டையும் மைக்ரோசாஃப்ட் ஆவணத்திலிருந்தே காப்பி செய்யுங்கள், கையால் அடிக்காதீர்கள். டிஸ்க்பார்ட்டில் எந்த டிஸ்க், எந்த பார்ட்டிஷன் என்று ஒவ்வொரு தடவையும் லிஸ்ட் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்ட வேண்டும். அது “நிச்சயமா?” என்றெல்லாம் கேட்காது.

அப்புறம் ரீஏஜென்ட்சியில் செட்-ஆர்இ-இமேஜ் கொடுத்து அந்த ஃபோல்டரின் பாதையைக் காட்டுங்கள், பிறகு எனேபிள். ஃபைலை அதுவே புதுப் பார்ட்டிஷனுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொள்ளும். மறுபடி இன்ஃபோ கொடுத்தால் எனேபிள்டு என்று வர வேண்டும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, நீலத் திரையில் ரிப்பேர் வாய்ப்புகள் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இந்தப் பார்ட்டிஷனை சி டிரைவுக்கு அடுத்தாற்போல் ஏன் வைக்கச் சொல்கிறேன் என்றால், பின்னாளில் பெரிதாக்க வேண்டி வந்தால் அங்கே வைத்திருப்பதுதான் வசதி. 2024 ஜனவரியில் கேபி5034441 என்று ஒரு விண்டோஸ் 10 அப்டேட் வந்தது. பல மிஷின்களில் அது 0எக்ஸ்80070643 என்ற எர்ரரோடு நின்றுபோனதற்கு, ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் பற்றாததுதான் காரணம். இன்னும் 250 எம்பி கூட்டுங்கள் என்று மைக்ரோசாஃப்டே வழி எழுதிப் போட்டது.

ஆனால் டிஸ்க்கை அப்படியே பெரிய எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துக் குளோன் செய்யும்போது இதே பார்ட்டிஷன் சி டிரைவை வளரவிடாமல் குறுக்கே நிற்கும். அப்போது நேராக அழித்துவிடாமல் முதலில் ரீஏஜென்ட்சி டிசேபிள் கொடுங்கள். விம் ஃபைல் சி டிரைவுக்கே திரும்பி வந்துவிடும். அதன் பிறகு பார்ட்டிஷனை எடுத்து, சி டிரைவை நீட்டி, கடைசியில் 1 ஜிபி விட்டு மறுபடி உருவாக்கலாம்.

—

இ-சேவை மையம், மேலூர்:

புதிதாக விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே காட்டாத கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வருகிற லேப்டாப் பலவற்றில் விஎம்டி என்று எஸ்எஸ்டியை நிர்வகிக்கிற ஒரு வசதி பயாஸில் ஆன் ஆகியிருக்கும். இன்ஸ்டாலர் ‘டிரைவ் எதுவும் இல்லை’ என்று சொல்லும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை எடுத்து, பிரித்து, அதே பென்டிரைவில் போட்டு, லோடு டிரைவர் கொடுத்தால் வந்துவிடும். எங்களுக்கு இது மின்வாரியத்தின் மாதாந்திர ஷட்டவுன் அன்று நடந்தது. டிரைவர் இறக்க நெட் இல்லை, போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினோம்.

விண்டோஸ் ஏறிய பிறகும் வேலை முடியவில்லை. விரல்ரேகை மிஷின் ஆதாரோடு பேசுவதற்கான ஆர்டி சர்வீஸ் மென்பொருளை மறுபடி போட வேண்டியிருந்தது. வாசலில் ஆதார் கேஒய்சிக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

—

மாணவர், திருமங்கலம்:

அண்ணே, பார்ட்டிஷன் ரெடி. என் மிஷின் விண்டோஸ் 11. கையில் பழைய 10 ஐஎஸ்ஓ இருக்கிறது. அதிலிருந்து விம் எடுக்கலாமா? எங்கள் ஊர் நெட்டில் 5 ஜிபிக்கு மேல் இறக்கினால் விடிந்துவிடும்.

—

லேப்டாப் சர்வீஸ், டவுன் ஹால் ரோடு:

வேண்டாம் தம்பி. 10-இன் விம்மை வைத்து 11-ஐ ரிப்பேர் பார்க்கப் போனால் வேறு வம்பு வரும். பென்டிரைவ் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், 11 ஐஎஸ்ஓ இருக்கிறது, காப்பி போட்டுத் தருகிறேன். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது, அதனால் என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து கொண்டுவாருங்கள்.