ஆய்வறிக்கை கொடுத்தாயிற்று, அதிகாரி மாறிவிட்டார். இனி என்ன செய்வது?

வரத்துக்கால்:
முனைவர் பட்டத்துக்காக இரண்டு வருடம் 14 ஏரிகளின் மடைகளையும் வரத்துக் கால்வாய்களையும் நடந்தே பார்த்து அறிக்கை எழுதினேன். சம்பந்தப்பட்ட அதிகாரி ஆர்வமாகத்தான் கேட்டார், "சுருக்கமா ரெண்டு பக்கம் குடுங்க" என்றார், கொடுத்தேன். அடுத்த மாதமே அவருக்கு இடமாற்றம். புதிதாக வந்தவர் "பார்க்கலாம்" என்கிறார். என் பேராசிரியரோ ஆய்விதழில் வந்தால் போதும், உனக்கு எதற்கு இந்த அலைச்சல் என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய செக்‌ஷன் ஆள்:
தம்பி, ஆளிடம் கொடுத்தது ஆளோடு போய்விடும். தபால் பிரிவில் கொடுத்து எண் வாங்கினால்தான் கோப்பில் ஏறும். சட்டமன்றத்தில் துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கை நேரத்தில் போய் நின்றால் யாரும் தலை நிமிர மாட்டார்கள், அதற்குப் பல மாதம் முன்னால், அடுத்த ஆண்டு வரவு செலவு மதிப்பீடு தயாராகும்போது போங்கள். அப்புறம், "மேலும் ஆய்வு தேவை" என்று முடித்திருப்பீர்களே? எந்த மடைக்கு எவ்வளவு செலவு, எந்த நிதியில் எடுக்கலாம், அது இருக்கிறதா?

களத்துமேடு:
சார் சொல்வது சரி, ஆனால் எழுதி முடித்துவிட்டுக் கொண்டுபோவதே தாமதம்தான். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் குழு தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் செய்த ஆய்வு அரசோடு சேர்ந்தே நடந்தது. ஒரே பணியாளர் உணவு, பதிவேடு, பாடம் எல்லாவற்றையும் இழுக்கிறாரே, கூட ஒரு அரைநாள் ஆள் போட்டால் என்ன ஆகும்? இது துறைக்கே இருந்த தலைவலி. பாட நேரம் இரண்டு மடங்கானது, பிள்ளைகளின் கற்றலும் கூடியது, ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது.

மலையடிவாரம்:
அரசே கேட்டு வாங்கினாலும் நடக்கும் என்று நம்பாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாதுகாக்க வழி சொல்லச் சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான குழுவை 2010-ல் அமைத்ததே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். 2011 ஆகஸ்ட்டில் கொடுத்த அறிக்கையை வெளியே கொண்டுவர தகவல் உரிமைச் சட்டம், டெல்லி உயர் நீதிமன்றம் என்று போய் 2012 மே ஆகிவிட்டது. அப்புறம் அந்த அறிக்கையை மறுபடி பார்க்க கஸ்தூரிரங்கன் குழு என்று இன்னொன்று, அது மலைத்தொடரில் சுமார் 37 சதவீதத்தைப் பாதுகாத்தால் போதும் என்றது. இத்தனைக்கும் கிராம சபைகளைக் கேட்டு முடிவெடுக்கச் சொன்ன அறிக்கை காட்கிலுடையது, அந்த ஊர்க்காரர்களிலேயே பலர் அதை எதிர்த்தார்கள். நீங்கள் முதலில் அந்த ஏரிகளில் பாசனம் பெறும் ஆயக்கட்டு விவசாயிகளிடம் படித்துக் காட்டுங்கள், இடமாற்றம் வராதவர்கள் அவர்கள்தான்.

வரத்துக்கால்:
நன்றி. நான்கு ஊரில் சொல்லியிருக்கிறேன், மீதி ஊர்களுக்கும் போகிறேன். செக்‌ஷன் சார், "மேலும் ஆய்வு தேவை" என்றுதான் முடித்திருந்தேன், செலவுக் கணக்கு ஒரு வரிகூட இல்லை. எப்படி சார் கண்டுபிடித்தீர்கள்?