புதுப்பிப்பு: சிக்னலில் மட்டும் கொதித்த பழைய காரின் கோளாறு தெரிந்தது

நெடுஞ்சாலையில் சீராக ஓடும் என் 1998ஆம் ஆண்டு பெட்ரோல் கார், சிக்னலில் நின்றால் மட்டும் சூடேறுவது ஏன் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

எஞ்சின் சூடேறியதும் குளிரூட்டும் திரவத்துக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டை மாற்றியதில் பயனில்லை. அந்தத் திரவத்தைக் குளிர்விக்கும் ரேடியேட்டரில், சூடு ஏறியதும் ஃபேனை ஓடவிடும் ஃபேன் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் கம்பித் துண்டால் இணைத்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான் விடை தந்தது: சாவியைத் திருப்பியதும் ஃபேன் சுழன்றதால், மோட்டாரும் ஃபியூஸும் நன்றாக உள்ளன, சுவிட்ச்தான் பழுது என்பது உறுதியானது.

புதிய சுவிட்ச் பொருத்திய பிறகும் ரிசர்வ் பாட்டிலில் கூலன்ட் (குளிரூட்டும் திரவம்) பொங்கியது நான் எதிர்பாராதது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இறுகி வெடித்திருந்தது; மூடி அழுத்தத்தைத் தாங்காவிட்டால் கூலன்ட் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். அதையும் மாற்றியபின், நின்ற இடத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டும் வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது.