மடிக்கணினியில் விரல் ரேகையைப் பதிவது பாதுகாப்பானதா?

கேள்வி:
புதிதாக வாங்கிய மடிக்கணினியின் பவர் பட்டனிலேயே ரேகை உணரி இருக்கிறது. கடவுச்சொல் இல்லாமல் விரலாலோ முகத்தாலோ கணினியைத் திறக்க உதவும் விண்டோஸ் ஹலோவில் ரேகையைப் பதியுமாறு அது அடிக்கடி நினைவூட்டுகிறது. கடவுச்சொல் களவு போனால் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். விரலுக்கு எங்கே போவது என்ற தயக்கத்தில் தள்ளிப்போட்டு வருகிறேன். அலுவலகக் கோப்புகளும் இதில் இருப்பதால், ரேகை எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது, கணினி பிறர் கையில் சிக்கினால் என்ன நேரும் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
தயக்கம் நியாயமானதே. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து ஏறத்தாழ 56 லட்சம் பேரின் ரேகைகள் திருடு போயின. ஆனால் அது ஓரிடத்தில் குவித்துவைத்த தரவு. விண்டோஸ் ஹலோவில் ரேகையின் படம் வைக்கப்படுவதில்லை; கோடுகள் பிரியும், முடியும் இடங்களைப் போன்ற அடையாளங்களிலிருந்து உருவாக்கிய வார்ப்புரு மட்டுமே அந்தக் கணினிக்குள் இருக்கும், மைக்ரோசாஃப்டின் சர்வருக்குப் போகாது.

பதில் 2:
சேமிப்பைப் பற்றி முந்தைய நண்பர் சொன்னது சரி. என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது உணரிக்கும் விண்டோஸுக்கும் நடுவிலுள்ள பேச்சைப் பற்றித்தான். 2023இல் பிளாக்விங் இன்டெலிஜென்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மைக்ரோசாஃப்டே கேட்டுக்கொண்டதன் பேரில், டெல், லெனோவா, மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் என மூன்று கணினிகளைச் சோதித்து மூன்றிலும் ரேகைப் பூட்டைத் தாண்டினார்கள். மூன்றிலும் ரேகையை ஒப்பிடும் வேலை உணரியின் சிப்புக்குள்ளேயே நடந்தது; முடிவை மட்டுமே உணரி விண்டோஸுக்குச் சொல்லும். போலி விரல் எதையும் அவர்கள் செய்யவில்லை. சர்ஃபேஸின் விசைப்பலகை உறையில் இருந்த உணரி மறையாக்கமின்றி (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றாமல்) யுஎஸ்பி வழியே பேசியதால், உறையைக் கழற்றிவிட்டு, அந்த உணரியாகவே நடிக்கும் வேறொரு கருவியைச் செருகி, ‘ரேகை பொருந்திவிட்டது’ என்று சொல்லவைத்தாலே போதுமானதாக இருந்தது. இந்தப் பேச்சைக் காக்கவென்றே மைக்ரோசாஃப்ட் வகுத்த எஸ்டிசிபி என்ற நெறிமுறை மூன்றில் இரண்டு கணினிகளில் இயக்கப்படவே இல்லை. பூட்டை வாங்கிவிட்டுத் தாழ்ப்பாள் போடாத கதைதான். இத்தாக்குதலுக்குக் கணினி கையில் இருக்க வேண்டும், அதில் உரிமையாளரின் ரேகை முன்பே பதிந்திருக்கவும் வேண்டும்.

பதில் 3:
ரேகை பொருந்தாதபோது கணினியைத் திறக்கும் பின் (PIN) எண்ணை யாரும் குறிப்பிடவில்லையே! பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு ஒருநாள் உணரியைத் தொட்டேன். சில முறை மறுத்துவிட்டு, பின் எண்ணைக் கேட்டது. அப்போதுதான் உறைத்தது, நான் வைத்திருந்தது என் பிறந்த ஆண்டு. ரேகையைப் பதிந்தாலும் பின் எண் பின்வாசலாக இருந்துகொண்டேதான் இருக்கும். அமைப்புகளில் எழுத்துகளையும் குறியீடுகளையும் அனுமதிக்கும் தெரிவு உண்டு. அதைப் பயன்படுத்தி நீளமாக மாற்றுங்கள். கணினி களவு போனால் கோப்புகளைக் காப்பது வட்டு மறையாக்கமே. அதற்கான விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை இயக்கி, கணினி தொடங்கும்போதே தனி பின் எண் கேட்குமாறு அமைப்பது நல்லது. பொது இடங்களில் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பவரிடமிருந்து காக்க ரேகை உதவும் என்பதால் நான் அதை அணைக்கவில்லை.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. என் பின் எண்ணும் நான்கே இலக்கம்தான், இப்போதே மாற்றிவிட்டேன். எஸ்டிசிபி இயங்குகிறதா என்று தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்த பிறகே ரேகையைப் பதிவேன்.